கை வட்ட ரம்பம்: மாட்டுவது, வைப்பது, அறுப்பது. கடலூர்ப் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறவர்களில் பாதிப்பேர் வேலை கொடுக்க வருவதில்லை, சந்தேகம் கேட்க வருகிறார்கள். புதிதாக மெஷின் வாங்கிய பையன்கள் வருவார்கள். வீட்டில் ஒரு அலமாரியாவது தன் கையால் செய்துவிட வேண்டும் என்று நினைக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் வருவார். பாண்டியிலிருந்து மெஷின் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் ஒரு கல்லூரி மாணவி வந்தாள். முதுநகரில் படகு வேலை பார்க்கிறவர்களும் உண்டு. ஆள் மாறினாலும் கேள்வி பெரும்பாலும் மாறுவதில்லை. வாயால் சொன்னது மறந்துபோகும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

கடையில் சர்க்குலர் ஸா கேட்டால் மார்பிள் கட்டரை எடுத்துக் காட்டுகிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் நம் ஊரில் விரல் போன கதைகளில் பல இங்கேதான் தொடங்குகின்றன.

மார்பிள் கட்டர் கல்லும் டைல்ஸும் வெட்டச் செய்த மெஷின். 4 இன்ச் வட்டு, நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்குக் குறையாது. மரம் அறுக்கும் கை வட்ட ரம்பத்தில் பிளேடு ஏழேகால் இன்ச், அதாவது 185 மி.மீ.; சுற்று 5,000-க்கும் 6,000-க்கும் நடுவில். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பெரிய பிளேடின் பல்நுனி மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, சின்ன வட்டின் விளிம்போ 250-ஐ எட்டுகிறது. கல்லுக்கான வட்டில் பல் கிடையாது, உரசித்தான் தேய்க்கும். அதில் பல் வைத்த மரப் பிளேடை மாட்டினால் அதே வேகத்தில் நாற்பது உளிகள் சுற்றுகின்றன.

வேகத்தைவிடப் பெரிய வித்தியாசம் கீழ்மூடி. வட்ட ரம்பத்தில் பிளேடின் கீழ்ப்பாதியை மூடிக்கொண்டு ஸ்பிரிங் வைத்த மூடி ஒன்று இருக்கும். மரத்துக்குள் நுழையும்போது தானாக ஒதுங்கும், வெளியே வந்ததும் சட்டென்று மூடிக்கொள்ளும். மார்பிள் கட்டரில் மேல்பாதிக்கு மட்டும்தான் மூடி. கீழே பிளேடு வெறுமையாக நிற்கும். போதாததற்கு, பல மார்பிள் கட்டர்களில் ஸ்விட்சை அழுத்திப் பூட்டிவிடும் பொத்தான் இருக்கிறது. கை நழுவினாலும் மெஷின் நிற்காது. வட்ட ரம்பத்தில் இதற்கு நேர்மாறு: பக்கத்துப் பொத்தானை அழுத்தினால்தான் ஸ்விட்சே வேலை செய்யும், விரலை எடுத்தால் மின்சாரம் நின்றுவிடும்.

ஆனால் ஊரில் எல்லா கார்பெண்டரும் மார்பிள் கட்டரில்தானே பிளைவுட் அறுக்கிறார்கள்?

அறுக்கிறார்கள். விலை குறைவு, எடை குறைவு, ஒரே கையில் தூக்கலாம். அந்த 'ஒரே கை'தான் எனக்குப் பயம். இன்னொரு கை சும்மா இருக்காது. பலகையை அமுக்கும், தூளைத் தள்ளும், பிளேடின் பாதைக்குள் போகும். இருபது வருடமாக அப்படியே அறுத்து ஒன்றும் ஆகாதவரை எனக்கும் தெரியும். அவர் பக்கத்திலேயே வேலை பார்த்து இடது கட்டைவிரலின் பாதியை இழந்தவரையும் தெரியும். தொழிலில் இருப்பவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. புதிதாக வாங்குகிறவர்களிடம் மட்டும் கையைப் பிடித்துச் சொல்கிறேன்: மரம் அறுக்கப் போகிறீர்கள் என்றால் மரம் அறுக்கிற மெஷினையே வாங்குங்கள். ஆங்கிள் கிரைண்டரில், அதாவது இரும்பு வெட்டித் தேய்க்கும் கை மெஷினில், மரப் பிளேடு மாட்டுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அது கூடவே கூடாது.

இந்த மெஷினை யார் கண்டுபிடித்தது?

பள்ளிப் பையன் ஒருவன் கேட்டது. எனக்குப் பிடித்த கதை என்பதால் சேர்த்துக்கொள்கிறேன். 1920-களில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் எட்மண்ட் மிஷெல் என்பவர், தொழிலாளர்கள் அரிவாள் மாதிரியான வெட்டுக்கத்தியால் கரும்பு வெட்டிக் களைத்துப்போவதைப் பார்த்திருக்கிறார். அந்தக் கத்தியில் ஒரு சின்ன மோட்டாரைப் பொருத்திப் பார்த்தார். கரும்புக்காகத் தொடங்கிய அந்த யோசனை, 1924-ல் கையில் பிடித்து மரம் அறுக்கும் மின் ரம்பமாக வந்து நின்றது. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

பிளேடில் எத்தனை பல் வேண்டும்?

மரத்தின் ஓட்டத்தோடு, அதாவது நார் போகும் திசையிலேயே, நீளமாகக் கிழிக்க 24 பல். குறுக்கே அறுக்கவும் பொதுவான வேலைக்கும் 40. பிளைவுட், மைக்கா ஒட்டிய பலகை என்றால் 60. பல் குறைந்தால் வேகமாகப் போகும், ஓரம் பிசிறடிக்கும். பல் கூடினால் ஓரம் வழுவழுப்பாக வரும், மெதுவாகத்தான் போக வேண்டும், அவசரப்பட்டால் கருகும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 40 வாங்குங்கள்.

பல்லின் நுனியில் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருள் வைத்த டி.சி.டி. பிளேடு போதும். வாங்கும்போது இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று நடுத்துளையின் அளவு: 20, 25.4, 30 மி.மீ. என்று பல அளவு இருக்கிறது. மெஷினின் தண்டுக்கு எது சரியோ அதுதான். கடையில் கொடுக்கும் வளையம் சரியாக உட்கார்ந்தால் போட்டுக்கொள்ளலாம். காகிதம் சுற்றி இறுக்கும் பழக்கம் வேண்டாம். இன்னொன்று பிளேடு தாங்கும் அதிகபட்சச் சுற்று. அது மெஷினின் சுற்றைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

பிளேடை மாட்டும்போது எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பிளக் உங்கள் கண்ணுக்கு எதிரே தரையில் கிடக்க வேண்டும். பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியைக் கழற்றிப் பக்கத்தில் வையுங்கள்.

தண்டுப் பூட்டை, அதாவது பிளேடு மாட்டும் தண்டைச் சுற்றவிடாமல் பிடிக்கும் பொத்தானை, அழுத்திக்கொண்டு பிளேடை மெதுவாக உருட்டினால் ஓரிடத்தில் 'டக்' என்று பிடிக்கும். பிறகு போல்ட்டைத் திருப்புங்கள். பிளேடு எந்தத் திசையில் சுற்றுமோ அந்தத் திசையில் திருப்பினால் கழலும், எதிர்த்திசையில் இறுகும். மெஷின் ஓட ஓட போல்ட் தானாகக் கழன்றுவிடாமல் இருக்கத்தான் இப்படி வைத்திருக்கிறார்கள். மூடியின் மேல் சுற்றும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். பிளேடின் மேலும் அம்பு இருக்கும். இரண்டும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும்.

வாஷர்களைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். வாஷருக்கும் பிளேடுக்கும் நடுவே கடுகளவு மரத்தூள் இருந்தாலும் பிளேடு நெளிந்து சுற்றும். அறுப்புத் தடம் அகலமாகும், மரம் கருகும். சாவியால் சாதாரணக் கைப்பலத்தில் இறுக்கினால் போதும், சுத்தியால் தட்டி இறுக்காதீர்கள். முடித்ததும் கையால் பிளேடை ஒரு சுற்றுச் சுற்றி, எங்கும் உரசாமல் போகிறதா என்று பாருங்கள். சாவியை எடுத்துவிட்டோமா என்று பார்ப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான்.

ஆழம் எவ்வளவு வைக்கணும்? முழுசாக இறக்கிவிட்டால் என்ன?

பலகையைத் தாண்டி ஒரு நூல், அதிகம் போனால் இரண்டு நூல். மி.மீ. கணக்கில் 3 முதல் 6. அவ்வளவுதான்.

முழுசாக இறக்கினால் முதல் விஷயம், பலகைக்குக் கீழே இரண்டு இன்ச் பிளேடு யார் கண்ணுக்கும் தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கும். கீழே உங்கள் முழங்கால் இருக்கலாம், ஒயர் இருக்கலாம், உதவிக்கு நிற்கும் தம்பியின் விரல் இருக்கலாம். இரண்டாவது, மரத்துக்குள் இருக்கும் பிளேடின் பரப்பு எவ்வளவு கூடுகிறதோ, மரம் அதைக் கவ்விப்பிடிக்கும் வாய்ப்பும் அவ்வளவு கூடும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழ்மூடியை அதன் கைப்பிடியால் விலக்கி, பிளேடைப் பலகையின் பக்கவாட்டில் ஒட்டி வையுங்கள். ஆழப்பூட்டைத் தளர்த்தினால் தகடு, அதாவது மெஷினின் தட்டையான அடிப்பாகம், பலகையின் மேல் உட்காரும். பல் ஒரு நூல் கீழே தெரியும்படி நிறுத்தி இறுக்குங்கள். இறுக்கியதும் பிடியை ஒருமுறை அசைத்துப் பாருங்கள். வாங்கி இரண்டு வருடமான மெஷின்களில் இந்தப் பூட்டு மெதுவாக நழுவுவதைப் பார்த்திருக்கிறேன்.

தகட்டில் 0 என்று காட்டுகிறது, ஆனால் அறுப்பு சாய்வாக வருகிறதே?

தகட்டில் அச்சடித்த எண்ணை நம்பாதீர்கள், மூலைமட்டத்தை நம்புங்கள். மெஷினைக் கவிழ்த்து, மூடியை விலக்கி, மூலைமட்டத்தின் ஒரு கையைத் தகட்டிலும் மறுகையைப் பிளேடின் உடலிலும் வைத்துப் பாருங்கள். பல்லில் வைத்துவிடாதீர்கள், பல் உடலைவிடப் பக்கவாட்டில் கொஞ்சம் துருத்தி நிற்கும், கணக்குத் தப்பும். வெளிச்சம் தெரியக்கூடாது. பெரும்பாலான மெஷின்களில் இதைச் சரிசெய்யச் சின்னத் திருகு ஒன்று இருக்கும். தகடே நெளிந்திருந்தால் தகட்டை மாற்றுவதுதான் வழி. கீழே விழுந்த மெஷினில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பலகையை எப்படி வைத்து அறுப்பது? இரண்டு ஸ்டூல் போதுமா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர் எனக்கு உடனே பிடித்துப்போகிறார். மெஷினைப் பற்றி நூறு கேள்வி கேட்பார்கள், பலகையைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். ஸ்விட்சை அழுத்துவதற்கு முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: அறுத்து முடிந்ததும் இந்தத் துண்டு எங்கே போகும்?

இரண்டு பக்கமும் ஸ்டூல் வைத்து நடுவில் அறுத்தால், பாதி போனதும் பலகை நடுவில் தொய்யும். தொய்ந்தால் அறுத்த வாய் மேலே மூடும், மூடினால் பிளேடைக் கவ்வும். பிறகு நடப்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

8-க்கு 4 அடி பிளைவுட்டை நான் தரையில் போட்டுத்தான் அறுப்பேன். 18 மி.மீ. பலகை முப்பது கிலோவைத் தாண்டும், அதை உயரத்தில் வைத்து ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியாது. தரையில் நான்கு ரீப்பர் கட்டைகளை இணையாகப் போடுங்கள், அறுக்கும் கோட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. அறுத்து முடித்ததும் இரண்டு துண்டும் இருந்த இடத்திலேயே படுத்திருக்கும். எதுவும் விழாது, எதுவும் மூடாது. இதைவிட நல்ல வழி, இரண்டு இன்ச் தெர்மாகோல் பலகை. முழு பிளைவுட்டையும் அதன் மேல் போட்டு, பிளேடு ஒரு நூல் தெர்மாகோலுக்குள் இறங்கும்படி அறுத்தால் எந்தத் திசையில் வேண்டுமானாலும் அறுக்கலாம். ஒரே தெர்மாகோல் பல மாதம் வரும். ஃபிரிட்ஜ் கடையில் பெட்டியோடு வந்ததைக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்.

சின்னத் துண்டு அறுக்கும்போது முக்கியமான பெரிய துண்டைத்தான் கிளாம்ப் போட்டு மேசையோடு பிடிக்க வேண்டும். விழ வேண்டிய துண்டு தன்பாட்டுக்கு விழட்டும். முழங்காலால் அமுக்கிக்கொண்டு, காலால் மிதித்துக்கொண்டு அறுப்பதை விட்டுவிடுங்கள். கையகலத் துண்டை இந்த மெஷினால் அறுக்கவே வேண்டாம், கை ரம்பம் எதற்கு இருக்கிறது?

உதவிக்கு ஒருவர் பிடித்துக்கொள்ளலாமா?

பிடிப்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால் பிடிக்கலாம். தெரியாதவர் இரண்டு தப்புச் செய்வார். ஒன்று, பலகைக்கு அடியில் விரலை விடுவார். இன்னொன்று, துண்டு விழாமல் இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் முனையை மேலே தூக்குவார். தூக்கினால் வாய் மூடும். "தூக்காதீங்கண்ணே, அது போக்குல விட்டுத் தாங்கினா போதும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவரும் பிளேடின் நேர்க்கோட்டில் நிற்கக்கூடாது.

மெஷின் ஏன் திடீரென்று பின்னால் உதைக்கிறது?

பிளேடின் முன்பக்கப் பல் கீழிருந்து மேலே வந்து மரத்தைக் கடிக்கிறது. பின்பக்கப் பல் மேலிருந்து கீழே இறங்குகிறது. மரம் மூடி, பின்பக்கப் பல்லைக் கவ்விவிட்டால், அந்தப் பல் மரத்தை மிதித்துக்கொண்டு மேலே ஏறும். மொத்த மெஷினும் தடத்தை விட்டு எழும்பி உங்களை நோக்கி வரும். கண்ணிமைக்கும் நேரம்தான்.

எனக்கு அது நடந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. பொங்கலுக்கு முன்னால் ஒரு உறவினர் தோப்பில் விழுந்த பலாவைப் பலகையாக்கிவிடலாம் என்று போனோம். மில்லில் கிழித்து வந்த இரண்டு இன்ச் பலகை, ஈரம் போகவில்லை, மஞ்சளாகப் பளபளவென்று இருந்தது. ஒரு பக்கம் கட்டை, மறுபக்கம் மண். நீளவாக்கில் கிழித்துக்கொண்டே போனேன். முக்கால்வாசி போனதும் மோட்டார் சத்தம் கம்மியது. பிளேடைச் சுற்றி மரம் நெருங்குவது கைப்பிடியிலேயே தெரிந்தது. அங்கே ஸ்விட்சை விட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? ஓடும் மெஷினைப் பின்னால் இழுத்தேன். மெஷின் எகிறி வந்து லுங்கியை முழம் நீளத்துக்குக் கிழித்துவிட்டு, தொடையில் உரசி, மண்ணில் விழுந்து சுற்றியது. மூடி சரியாக மூடியதால் தோலோடு போயிற்று. ஏழு தையல். அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

காற்றில் விழுந்த மரத்துக்குள் இழுவிசை இருக்கும். அறுத்ததும் தளர்ந்து வாய் மூடும். ஈரமரம் பிளேடை உரசும். இரண்டும் சேர்ந்திருந்தன, பலகையும் சரியாகத் தாங்கப்படவில்லை.

ஆகவே: சத்தம் கம்மினால் உடனே ஸ்விட்சை விடுங்கள். மெஷினை அசைக்காமல், பிளேடு முழுதாக நிற்கும்வரை மரத்துக்குள்ளேயே வைத்திருங்கள். நின்ற பிறகு எடுங்கள். நீளமாகக் கிழிக்கும்போது ஒரு முழம் போனதும் அறுத்த வாயில் மெல்லிய ஆப்பு ஒன்று செருகுங்கள். கோடு விலகிவிட்டால் மெஷினைத் திருகி நேராக்கப் பார்க்காதீர்கள்; நிறுத்தி, பின்னால் வந்து, புதிதாகத் தொடங்குங்கள். பிளேடு முழு வேகத்துக்கு வந்த பிறகுதான் மரத்தைத் தொட வேண்டும். பிளேடின் நேர்க்கோட்டுக்கு ஒரு பக்கமாக நில்லுங்கள், எகிறினால் உங்களைத் தாண்டிப் போகட்டும். சில மெஷின்களில் பிளேடுக்குப் பின்னால் மெல்லிய எஃகுத் துண்டு ஒன்று நிற்கும். வாய் மூடாமல் இருக்கத்தான் அது, தொந்தரவு என்று கழற்றிப் போட்டுவிடாதீர்கள்.

கீழ்மூடி அடிக்கடி மாட்டிக்கொள்கிறது. கம்பியால் கட்டிவைத்துவிடலாமா?

கூடாது. ஸ்விட்சை விட்ட பிறகும் பிளேடு சில நொடிகள் சுற்றும். மூடி திறந்தபடி இருக்கும் மெஷினைத் தரையில் வைத்தால் அது தானாக நகர்ந்து ஓடும், உங்கள் கால் பக்கத்திலேயே இருக்கும். என் தொடை தப்பியது மூடி வேலை செய்ததால்தான்.

மாட்டிக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் அழுக்கு. பலா, வேம்பு, முந்திரி அறுத்தால் பாலும் கோந்தும் தூளோடு சேர்ந்து மூடியின் உள்ளே பிசினாகப் படியும். பிளக்கைப் பிடுங்கி, பிளேடைக் கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷால் சுரண்டித் துடையுங்கள். பிளேடைத் துணி சோப்புத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் பிசின் போய்விடும். உடனே ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். தினமும் வேலை தொடங்கும் முன் மூடியைக் கையால் இழுத்துவிட்டுப் பாருங்கள், 'டப்' என்று மூட வேண்டும். சோம்பலாக வந்தால் ஸ்பிரிங் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

நல்ல முகம் மேலேயா, கீழேயா?

கீழே. பல் கீழிருந்து மேலே வருவதால் பிசிறு மேல்முகத்தில்தான் விழும். மைக்கா ஒட்டிய பலகையில் கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி அறுத்தால் இன்னும் சுத்தமாக வரும்.

எவ்வளவு முயன்றாலும் நேராகப் போகவில்லை.

கையை மட்டும் நம்பி யாராலும் எட்டடி நேராகப் போக முடியாது. ஒரு வழிகாட்டிப் பலகை செய்துகொள்ளுங்கள், ஒரு மணி நேர வேலை.

ஓரடி அகலத்தில் 6 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்று, அதன் மேல் நேரான ஓரம் உள்ள மூன்று இன்ச் பட்டை ஒன்று. பட்டையை ஃபெவிகால் போட்டு, கீழ்த்துண்டின் ஒரு ஓரத்தை ஒட்டினாற்போல் நீளவாக்கில் ஒட்டிக் காயவிடுங்கள். மெஷினின் தகட்டைப் பட்டையோடு அணைத்து, கடைசிவரை ஒரே ஓட்டமாக அறுத்துவிடுங்கள். கீழ்த்துண்டில் மிச்சமாக இருந்த ஓரம் வெட்டுப்பட்டுப் போகும். இனி அந்த வெட்டுப்பட்ட ஓரம்தான் உங்கள் பிளேடு போகும் சரியான கோடு. பலகையில் கோடு போட்டு, இந்த ஓரத்தைக் கோட்டில் வைத்து, இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டு அறுக்கலாம். அளந்து கூட்டிக் கழிக்கும் வேலை இல்லை. பிளேடின் தடிமன், ஏறக்குறைய இரண்டரை மி.மீ., வேண்டாத துண்டின் பக்கம் போகும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிளேடை வேறு தடிமனுக்கு மாற்றினால் புது வழிகாட்டி செய்ய வேண்டும். ஆழம் வைக்கும்போது இந்த 6 மி.மீ. சேர்த்துக் கணக்கிட மறக்காதீர்கள்.

லுங்கி, செருப்போடு அறுக்கலாமா? கையுறை போடலாமா?

லுங்கி வேண்டாம். நம் ஊரில் மாலை கடற்காற்று எழும்பினால் மடித்துக் கட்டிய லுங்கியும் படபடக்கும். கழுத்தில் துண்டு, தொங்கும் துப்பட்டா, வளையல், கைக்கயிறு, முழுக்கைச் சட்டையின் திறந்த பட்டன் எதுவும் கூடாது. தலைமுடியைக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். பேண்ட், மூடிய ஷூ, கண்ணுக்குக் கண்ணாடி. கண்ணாடி இல்லாமல் அறுக்கவே கூடாது. ஆணித்துண்டும் பல்நுனியும் பறக்கும்.

தளர்ந்த துணிக்கையுறை ஆபத்து, பல் அதைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். அறுக்கும்போது வெறுங்கையே நல்லது. காதுக்குப் பஞ்சு போதாது, அடைப்பான் போடுங்கள். இந்தச் சத்தம் 100 டெசிபலைத் தொடும். மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. கைக்குட்டை கட்டுவது தூளைத் தடுக்காது. என்-95 முகக்கவசம் கொரோனாவுக்கு வாங்கியது வீட்டில் மிச்சம் இருந்தால் எடுங்கள்.

சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஓட்டலாமா?

டி.வி.க்குப் பயன்படுத்தும் மெல்லிய பாக்ஸ் வேண்டாம். 1,400 வாட் மெஷின் 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும்போது அதைவிடப் பல மடங்கு. 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்டிலிருந்து எடுங்கள். ஒயர் 1.5 சதுர மி.மீ.க்குக் குறையக்கூடாது, நீளம் அதிகமானால் 2.5. சுருட்டி வைத்த ஒயரை முழுதாகப் பிரித்துப் போடுங்கள், சுருளிலேயே இருந்தால் சூடேறி உருகும்.

மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத இணைப்பில் வெளியே வேலை செய்யாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் தரை எப்போதும் ஈரம். மழைத் தூறலில் "இந்த ஒரு பலகைதான்" என்று அறுக்க வேண்டாம். ஒயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள், பிளேடின் பாதையில் கிடக்கக்கூடாது. கரண்ட் போனால் ஸ்விட்சிலிருந்து விரலை எடுத்துப் பிளக்கையும் பிடுங்குங்கள்.

பழைய வீட்டு மரம், சவுக்கு, தென்னை எல்லாம் அறுக்கலாமா?

பாண்டியில் பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் தேக்கு உத்திரங்கள் அருமையான மரம். ஆனால் உள்ளே ஆணி இருக்கும், தலை போய் உடல் மட்டும் புதைந்த ஆணி. கருநீலக் கறை தெரிந்தால் அங்கே இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். கம்பி பிரஷால் தேய்த்து, காந்தம் வைத்துத் தடவிப் பார்த்து, பிடுங்கிவிட்டு அறுங்கள்.

சவுக்குக் கழி உருண்டை. உருளும் எதையும் இந்த மெஷினால் அறுக்காதீர்கள், அதற்கு வில் ரம்பம். தென்னையின் வெளிப்பகுதி பிளேடின் கூரைச் சீக்கிரம் தின்றுவிடும், அதற்கென்று பழைய பிளேடு ஒன்று ஒதுக்குங்கள். ஏழேகால் இன்ச் மெஷின் நேராக இரண்டரை இன்ச் வரைதான் இறங்கும். அதற்கு மேல் தடிமன் என்றால் மில்லுக்குக் கொண்டுபோங்கள்.

அறுக்கும்போது புகை வருகிறது.

கூர் மழுங்கியிருக்கும், பிசின் படிந்திருக்கும், அல்லது பிளேடு தலைகீழாக மாட்டியிருக்கும். கடைசியைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் மாதம் ஒருவராவது அப்படி வருகிறார்.

வெட்டுப்பட்டுவிட்டால் என்ன செய்வது?

சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திக்கொண்டே இருங்கள். கையை நெஞ்சுக்கு மேல் தூக்கி வையுங்கள். 108-ஐ அழையுங்கள். காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். மருத்துவர் அதைக் கழுவி எடுக்கவே நேரம் போகும். அழுத்தியும் பீய்ச்சுவது நிற்காவிட்டால் காயத்துக்கு மேலே மூன்று இன்ச் தள்ளி, அகலத் துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள்.

விரல் துண்டாகிவிட்டால் துண்டைத் தேடி எடுங்கள். அழுக்கை நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் போகாமல் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக்கூடாது; பட்டால் சதை கெட்டுப்போகும், ஒட்ட முடியாது. கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது, பாண்டியில் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. வண்டி கிளம்பும்போதே ஒருவர் போனில் பேசி, விரலை ஒட்டும் அறுவை சிகிச்சை மருத்துவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டுவிட வேண்டும். இடம் இடமாக அலைந்து நேரத்தைத் தொலைக்கக்கூடாது.

கடலோரத்தில் இருக்கிறோம், மெஷின் துருப்பிடிக்கிறதே?

தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த ஒருவரின் மெஷினில், ஆறு மாதத்தில் பிளேடு போல்ட் துருவோடு ஒட்டிப்போய்க் கழற்றவே முடியவில்லை. உப்புக் காற்றில் இதுதான் நடக்கும். வேலை முடிந்ததும் தூளைத் தட்டிவிடுங்கள். மரத்தூள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், துரு அங்கேதான் தொடங்கும். தகட்டிலும் பிளேடிலும் தையல் மெஷின் எண்ணெயை ஒரு துணியில் தொட்டு மெலிசாகப் பூசுங்கள். அடுத்த நாள் அறுக்கும் முன் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் பலகையில் ஏறி, மைக்கா ஒட்டாது. மாதம் ஒருமுறை போல்ட்டைக் கழற்றி, மரைக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி மாட்டுங்கள். மெஷினை மூடியுள்ள பெட்டியில் வைத்து, ஷூ பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்கள் நான்கைந்தை உள்ளே போட்டுவிடுங்கள்.